மண்டை ஓடும் துடைப்பக் கட்டையும்

ஒரு கால்பந்து கிளப்போட மியூசியம்னு சொன்னதும் மனசுல என்ன வருது பாஸ்? கண்ணாடிப் பெட்டி. உள்ளே பளபளன்னு கோப்பை. பக்கத்துல ஒரு ஸ்டார் பிளேயரோட ஷூ. ‘தொடாதீர்கள்’ என்று ஒரு போர்டு. வெளியே வர்ற வழி நேரா கடைக்குள்ளதான் போகும். அங்கே ஒரு ஜெர்ஸியை நம்ம தலையில கட்டிட்டுத்தான் அனுப்புவாங்க. பெரிய கிளப்புகளின் மியூசியம் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

சரி, பெரிய கோப்பை எதையுமே ஜெயிக்காத ஒரு கிளப்புக்கு மியூசியம் இருந்தா, உள்ளே என்ன இருக்கும்? அதையும் கிளப் முதலாளி வைக்காம, டிக்கெட் வாங்கி மேட்ச் பார்க்கிற ரசிகர்களே வெச்சு நடத்தினா?

இந்த வாரம் நாம போற ஊர் ஜெர்மனியின் ஹாம்பர்க். பெரிய துறைமுக நகரம். துறைமுகத்தை ஒட்டி செயின்ட் பௌலி என்று ஒரு ஏரியா. கப்பல் தொழிலாளிகள், மாலுமிகள், பார்கள், ராத்திரி முழுக்க தூங்காத ரீப்பர்பான் தெரு... ‘நல்ல பிள்ளைகள்’ போகக்கூடாத இடம்னு அந்த ஊர் பெரியவங்களே சொல்ற இடம்! அந்த ஏரியாவின் கிளப்தான் எஃப்.சி. செயின்ட் பௌலி. பிறந்த வருஷம் 1910. ஜெர்மன் லீக் சாம்பியன் பட்டமும் இதுவரை கிடைச்சதில்ல, ஜெர்மன் கோப்பையும் கிடைச்சதில்ல. 2024-ல் இரண்டாவது டிவிஷனில் முதலிடம் பிடிச்சதே ஊர் கொண்டாடிய விஷயம்.

ஆனா உலகம் முழுக்க இந்த கிளப்புக்கு ரசிகர் கூட்டம் இருக்கு. காரணம்? ஒரு மண்டை ஓடு.

கட்டையில் அடிச்ச கொடி

1980-கள். துறைமுகத் தெருவில் காலியாகக் கிடந்த வீடுகளுக்குள் இளைஞர்கள் குடியேறிட்டாங்க. வாடகை கட்ட முடியாதவர்கள், மாணவர்கள், பங்க் இசைக்காரர்கள். காலி பண்ணச் சொல்லி போலீஸ் வர, இவங்க மறுக்க, வருஷக்கணக்கில் மல்லுக்கட்டு. சனிக்கிழமை ஆனா இதே கூட்டம் பக்கத்துல இருக்கிற மில்லர்ன்டோர் மைதானத்துக்கு மேட்ச் பார்க்கப் போகும். அப்படிப் போன ஒருத்தர் ஒரு நாள் கடற்கொள்ளையர் கொடி ஒண்ணை எடுத்து, துடைப்பக் கட்டையில் ஆணியடிச்சு, கேலரியில் தூக்கிப் பிடிச்சாராம். அவரோட பட்டப்பெயர் டாக் மபூஸே. ‘பணக்காரக் கப்பலைக் கொள்ளையடிக்கிற ஏழைக் கடற்கொள்ளையர் நாங்க’ என்கிற கெத்து!

அன்னைக்கு அந்தக் கட்டைக்கும் துணிக்கும் என்ன விலை இருந்திருக்கும்? ஒரு டீ காசு. இன்னைக்கு அதே மண்டை ஓடு கிளப்பின் அடையாளம். டி-ஷர்ட், தொப்பி, காபி கப்னு உலகம் முழுக்க விக்குது.

இங்கதான் மேட்டர். இந்த கிளப்பின் மிக முக்கியமான சின்னத்தைக் கொண்டு வந்தது கேப்டன் இல்ல, கோச் இல்ல, தலைவரும் இல்ல. கேலரியில நின்ன ஒரு ஆள். அப்போ இந்த கிளப்பின் சரித்திரம் எங்கே இருக்கும்? ஆபீஸ் பீரோவில் இருக்காது. ரசிகர்களின் வீட்டுப் பரண்ல, பழைய ஷூ டப்பாவுல, அம்மா தூக்கிப் போடச் சொல்லித் திட்டுற அட்டைப்பெட்டியிலதான் இருக்கும்.

போலீஸ் ஸ்டேஷனா, மியூசியமா?

2012-ல் மைதானத்தின் ஒரு பக்க கேலரியை இடிச்சுட்டுப் புதுசா கட்ட ஆரம்பிச்சாங்க. ஆயிரக்கணக்கான ரசிகர்கள் நின்னுக்கிட்டே மேட்ச் பார்க்கிற பக்கம் அது. அந்த கேலரிக்குக் கீழே ஒரு போலீஸ் நிலையம் வைக்கலாம்னு திட்டம். விடுவாங்களா நம்மாளுங்க? போலீஸோடு வருஷக்கணக்கா மல்லுக்கட்டின ஏரியா ஆச்சே! ‘எங்க தலைக்கு மேல கேலரி, காலுக்குக் கீழ ஸ்டேஷனா?’ என்று கிளம்பிட்டாங்க.

வெறும் ‘வேண்டாம்’னு கத்திட்டு வீட்டுக்குப் போயிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். அவங்க ‘வேண்டாம்’ என்பதோடு சேர்த்து ‘இது வேணும்’ என்றும் சொன்னாங்க. அந்த ‘இது’தான் மியூசியம். கிளப் பிறந்த வருஷத்தையே பேராக வெச்சு ‘1910’ என்று ஒரு சங்கம் பதிவு செஞ்சாங்க. போலீஸுக்கு வேற இடம் கிடைச்சது. கேலரிக்குக் கீழே இருந்த இடம் மியூசியத்துக்கு வந்தது.

இது கிளப்பின் ஒரு டிபார்ட்மென்ட் இல்ல. தனிச் சங்கம். உறுப்பினர்கள் சந்தா கட்டுறாங்க, நன்கொடை திரட்டுறாங்க, வேலை நேரம் போக மிச்ச நேரத்துல வந்து உழைக்கிறாங்க. இந்த ‘தனி’ என்கிற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்குங்க. கடைசியில் அதுதான் பெரிய விஷயமா வந்து நிக்கப் போகுது.

ஒரு லட்சத்தில் ஒண்ணு

ரசிகர்கள் எதையெல்லாம் பத்திரப்படுத்துவாங்க? மேட்ச் டிக்கெட், ஸ்கார்ஃப், பேட்ஜ், கையால் வரைஞ்ச பேனர், ரசிகர்களே அச்சடிச்சு மைதான வாசலில் வித்த பத்திரிகை. 1989-ல் செயின்ட் பௌலி ரசிகர்கள் ‘மில்லர்ன்டோர் ரோர்’ என்று ஒரு பத்திரிகையே தொடங்கினாங்க. அப்புறம் டி-ஷர்ட்.

டி-ஷர்ட்டில் ரெண்டு கதை இருக்கு. 2001 நவம்பரில் பேயர்ன் மியூனிக் அணி அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸை ஜெயிச்சு உலக கிளப் சாம்பியன் ஆச்சு. 2002 பிப்ரவரி 6 அன்று அதே பேயர்ன் ஹாம்பர்க் வந்தது. எதிரே டேபிளில் கடைசி இடத்தில் கிடந்த செயின்ட் பௌலி. ரிசல்ட்? 2-1, செயின்ட் பௌலி வெற்றி! உடனே ‘உலகக் கோப்பை வென்றவர்களை வென்றவர்கள்’ என்று டி-ஷர்ட் போட்டுட்டாங்க. ஜெர்மன் மொழியில் இது மொத்தமும் ஒரே வார்த்தை. படிச்சு முடிக்க மூச்சு வாங்கும்!

குசும்பு அதோட நின்னா பரவாயில்ல. அந்த சீசன் முடிவில் செயின்ட் பௌலி இரண்டாவது டிவிஷனுக்கு இறங்கிடுச்சு. அடுத்த வருஷம் மூணாவதுக்கு! கஜானா காலி. சுமார் 20 லட்சம் யூரோ காட்டலைன்னா 2003-ல் விளையாட லைசென்ஸே கிடையாதுன்னு நிலைமை. அப்போ வந்ததுதான் ‘மீட்பர்’ என்று மார்பில் எழுதின டி-ஷர்ட். அதை வாங்கிப் போட்டா நீங்களும் கிளப்பைக் காப்பாத்தினவர். ஒரு லட்சத்துக்கும் மேல வித்துத் தீர்ந்தது. அடி வாங்கின பேயர்ன் அணியே ஹாம்பர்க் வந்து நிதி திரட்ட ஒரு மேட்ச் ஆடிக் கொடுத்துட்டுப் போச்சு. கிளப் பிழைச்சது.

இப்போ யோசிங்க. ஒரு லட்சம் பேர் வீட்டில் அதே டி-ஷர்ட். மியூசியத்துக்கு எத்தனை பேர் தூக்கிட்டு வருவாங்க? எல்லாத்தையும் வாங்கி அடுக்கினா அது மியூசியம் இல்ல, லாண்டரி! ஒரு நல்ல மியூசியம் கத்துக்க வேண்டிய முதல் பாடம், ‘ரொம்ப நன்றிங்க, இது ஏற்கெனவே எங்ககிட்ட இருக்கு’ என்று மனசு நோகாம சொல்றது.

எப்போ அந்தப் பதில் மாறும்? கூட ஒரு கதை வரும்போது. வேலை போன மாசம், கையில் இருந்த கடைசிக் காசுல ஒருத்தர் அந்த டி-ஷர்ட்டை வாங்கினார்னு வெச்சுக்குங்க. எதிர் அணி ரசிகர் ஒருத்தர் நண்பனுக்காக வாங்கி, வெளியே போட வெட்கப்பட்டு, தூங்கும்போது மட்டும் போட்டுக்கிட்டார்னு வெச்சுக்குங்க. துணி அதே துணிதான். ஆனா அது இப்போ லட்சத்தில் ஒண்ணு இல்ல. தனி ஒண்ணு. பொருளை மட்டும் வாங்கிட்டு அதைக் கொடுத்தவரோட வாயில வர்ற வார்த்தையை எழுதி வைக்க மறந்தா, பாதி நன்கொடை வாசல்லயே போயிடுச்சுன்னு அர்த்தம்.

கோப்பை யாருக்குச் சொந்தம்?

‘ஒரு பழைய துணிக்கும் டிக்கெட்டுக்கும் இவ்வளவு பில்டப்பா?’ என்று கேட்கிறவங்களுக்கு, ஹாம்பர்க்கை விட்டுக் கொஞ்ச நேரம் லண்டன் போய் வருவோம்.

1889-ல் பிறந்த கிளப் விம்பிள்டன். டென்னிஸ் நடக்குமே, அதே ஏரியா. 1988 மே 14 அன்று எஃப்.ஏ. கோப்பை ஃபைனல். எதிரணி அன்றைய ராஜா லிவர்பூல். லாரி சான்செஸ் தலையால் முட்டி ஒரு கோல். கோல்கீப்பர் டேவ் பீசன்ட் ஒரு பெனால்டியைத் தடுத்தார். எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் பெனால்டி தடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. 1-0. கோப்பை விம்பிள்டனுக்கு!

2002-ல் கிளப் உரிமையாளர்கள் அணியையே மூட்டை கட்டி, சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்குக் கொண்டு போக அனுமதி வாங்கிட்டாங்க. ரசிகர்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? அதே வருஷம் ‘ஏ.எஃப்.சி. விம்பிள்டன்’ என்று தாங்களே ஒரு கிளப் தொடங்கி, பொது மைதானத்தில் ‘யார் வேணா வந்து ஆடிக் காட்டுங்க’ என்று ஆள் எடுத்தாங்க. ஒன்பதாவது டிவிஷனில் இருந்து ஆரம்பம். 2011-ல் தொழில்முறை லீக்குக்கே ஏறிட்டாங்க. 2020 நவம்பரில் பழைய மைதானத்துக்குப் பக்கத்திலேயே, அதே பிளவ் லேன் தெருவில் சொந்த மைதானம்.

ஆனா நடுவுல ஒரு கேள்வி தொண்டையில் முள்ளா நின்னது. 1988-ல் ஜெயிச்சதுக்குக் கிடைச்ச கோப்பைப் பிரதி எங்கே? புது ஊருக்குப் போன கிளப்பிடம். பழைய விருதுகள், நினைவுப் பொருட்கள்? அதுவும் அங்கேதான். சட்டப்படி பார்த்தா அது சரி. கம்பெனி எங்கே போகுதோ அங்கே அதன் சாமான்களும் போகும். ஆனா அந்தக் கோப்பைக்காகத் தொண்டை கிழியக் கத்தினவங்க எல்லாரும் விம்பிள்டனில் இருக்காங்களே!

2006-ல் பேச்சுவார்த்தை நடந்து ஒப்பந்தம் வந்தது. 2007 ஆகஸ்டில் கோப்பையும் மற்ற நினைவுப் பொருட்களும் லண்டனுக்குத் திரும்பி வந்தன. யார் கைக்கு? எந்தக் கிளப்பின் கைக்கும் இல்ல. விம்பிள்டன் ஏரியா இருக்கிற மெர்ட்டன் நகராட்சியின் கைக்கு. அதாவது, ஊரின் சொத்து.

அப்படின்னா பழைய சாமான் வெறும் சாமான் இல்லைதானே? ‘நாங்க இங்கே இருந்தோம்’ என்பதற்கு அதுதான் சாட்சி. சாட்சி யார் கையில் இருக்குன்னு பார்த்துத்தான் கதையை யார் சொல்றாங்கன்னு முடிவாகுது.

கசப்பான பெட்டிகள்

மறுபடி ஹாம்பர்க். நீங்க ஒரு கிளப்பை உயிரா நேசிக்கிறீங்க. மியூசியமும் உங்க கையில் இருக்கு. திடீர்னு ஒரு பெட்டியைத் திறந்தா, உங்க கிளப்பைப் பத்தி நீங்க கேட்க விரும்பாத ஒரு உண்மை உள்ளே இருக்கு. என்ன பண்ணுவீங்க?

செயின்ட் பௌலியில் இது ஒரு தடவை நடந்திருக்கு. 1970-ல் மைதானத்துக்கு வில்ஹெல்ம் கோக் என்பவர் பெயரை வெச்சாங்க. 1931 முதல் 1945 வரையும், 1947 முதல் 1969 வரையும் கிளப் தலைவராக இருந்தவர். 1990-களின் கடைசியில் இவர் ஹிட்லரின் நாஜிக் கட்சி உறுப்பினர் என்பது வெளியே வந்தது. மண்டை ஓட்டுக் கொடி பிடிச்சு நாஜிகளை எதிர்க்கிற ரசிகர்கள், நாஜிக் கட்சி உறுப்பினர் பெயர்ல இருந்த மைதானத்தில் நின்னுக்கிட்டு இருந்திருக்காங்க! 1998-ல் உறுப்பினர் கூட்டத்தில் ஓட்டெடுப்பு. பெயர் போச்சு. மறுபடி மில்லர்ன்டோர். இதே கிளப்பில்தான் ஓட்டோ லாங், பால் லாங் என்ற யூதச் சகோதரர்கள் 1933-ல் ரக்பி பிரிவைத் தொடங்கி வெச்சவர்கள். ரெண்டு கதையும் ஒரே கிளப்புக்குள்ள. ஒண்ணைக் காட்டிட்டு இன்னொண்ணை மறைக்க முடியுமா?

அடுத்தது அதைவிட வலிச்சது. ‘செயின்ட் பௌலியின் இதயம்’ என்று ஒரு பாட்டு. 1950-களில் ஹன்ஸ் ஆல்பர்ஸ் என்ற நடிகர் பாடிப் புகழ்பெற்றது. மேட்ச் தொடங்கும் முன்னால் மைதானமே சேர்ந்து பாடும். கிட்டத்தட்ட கிளப்பின் தேசிய கீதம். அந்தப் பாட்டின் சரித்திரத்தைத் தோண்டும்போது, அதை எழுதிய யோசஃப் ஒல்லிக் என்பவர் நாஜி காலத்தில் பிரசாரக் கட்டுரைகள் எழுதியவர் என்பது தெரிய வந்தது. தோண்டினது யார்? எதிரணியா? இல்ல. இதே கிளப்பின் மியூசியத்தில் வேலை செய்யும் வரலாற்று ஆய்வாளர்!

2025 பிப்ரவரியில் அந்தப் பாட்டை மைதானத்தில் போடுவதை கிளப் நிறுத்தி வெச்சது. எல்லாரும் கைதட்டலை. ‘பாட்டு எங்களோடது, எழுதினவன் யாரா இருந்தா என்ன?’ என்று கோபப்பட்டவர்களும் உண்டு. அந்தக் கோபத்திலும் நியாயம் இல்லாம இல்ல. அப்பா தோளில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அது நாஜி பாட்டு இல்ல. அது அவன் அப்பாவோட குரல்.

ஆனா ஒண்ணு. விளம்பரத்துக்காக நடத்துற மியூசியமா இருந்திருந்தா அந்த ஃபைல் மேசை டிராயரை விட்டு வெளியே வந்திருக்குமா? ‘இப்போ எதுக்கு வீண் வம்பு? சீசன் நடுவுல வேண்டாமே’ என்று ஒருத்தர் மெதுவா மூடி வெச்சிருப்பார். முன்னாடி ‘தனி’ என்ற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னது இதுக்குத்தான். ரசிகர்கள் தனியா நடத்துறதால அங்கே உண்மை வெளியே வருது. நேசிக்கிறவங்களே தோண்டினதால, ‘கிளப்பை அழிக்க வந்த எதிரிகள்’ என்று யாரும் சொல்லித் தப்பிக்கவும் முடியலை. நல்ல ரசிகன் கிளப்பைப் பத்திப் பெருமையா மட்டும் பேசுவான்னு நினைக்கிறோம். நல்ல ரசிகன் கணக்கும் கேட்பான் பாஸ்.

உங்ககிட்ட இருக்கிற பெட்டி

சரி, நம்ம மேட்டருக்கு வருவோம். உங்க காலேஜ் டீம், ஏரியா கிளப், ஹாஸ்டல் டோர்னமென்ட்... எதுவா வேணா இருக்கட்டும். பழைய சாமானைப் பத்திரப்படுத்தணும்னா மியூசியக்காரங்க செய்யுற சில வேலைகளை நீங்களும் செய்யலாம். செலவு கம்மிதான்.

முதல்ல நாலு கேள்விக்குப் பதில் எழுதுங்க. இது யாருடையது? எந்த வருஷம், எந்த மேட்ச்? உங்க கைக்கு எப்படி வந்தது? இதை ஏன் இத்தனை நாள் தூக்கிப் போடலை? நாலாவது கேள்விக்கு வர்ற பதில்தான் பெரும்பாலும் பொக்கிஷம்.

யாராவது கொடுத்தா, ‘நன்கொடையா, இரவலா?’ என்று அன்னைக்கே கேட்டு எழுதி, கையெழுத்து வாங்கிடுங்க. பத்து வருஷம் கழிச்சு அவங்க பேரன் வந்து கேட்கும்போது சண்டை வராது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர். அதே நம்பர் ரெஜிஸ்டர்லயும் இருக்கணும்.

ஜெர்ஸியில் சேறு ஒட்டியிருந்தா துவைச்சிடாதீங்க. அந்தச் சேறும் மேட்ச்சில் ஆடினதுதான்! வெயில் படுற சுவரில் மாட்டாதீங்க, சாயம் வெளுத்துடும். ஃபோட்டோவை லேமினேஷன் பண்ணவே கூடாது. ஒட்டினா பிரிக்க முடியாது. பின்பக்கம் பால் பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினா முன்பக்கம் தழும்பு விழும். மெல்லிய பென்சில் போதும். மெஷினில் அடிச்சுத் தர்ற பளபள டிக்கெட் கொஞ்ச வருஷத்தில் வெள்ளைக் காகிதம் ஆயிடும். இன்னைக்கே ஸ்கேன் பண்ணிடுங்க.

கடைசியா, தோத்த மேட்ச்சையும் சேர்த்து வைங்க. ஃபைனலில் ஆறு கோல் வாங்கின வருஷத்து குரூப் ஃபோட்டோவையும், சண்டை போட்டு டீமில் இருந்து நீக்கப்பட்டவனோட பேரையும் வைங்க. ஜெயிச்சது மட்டும் இருந்தா அது ஷோகேஸ்தான்.

இந்த வார ஹோம்வொர்க்: உங்க காலேஜ் ஸ்போர்ட்ஸ் ரூமில் மாட்டியிருக்கிற பழைய டீம் ஃபோட்டோ ஒண்ணைப் பாருங்க. கேப்டன் பேரு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். பின்வரிசையில் ஓரமா, பந்தைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் நிப்பாரே... அவர் பேரு என்னன்னு மைதானத்துக்கு மார்க் போடுற அண்ணனைக் கேளுங்க. அவர் ரிட்டயர் ஆகுறதுக்குள்ள கேட்டுடுங்க.